உள்ளே தள்ளிப் போட்ட வேலி

வேலி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். முதல் நாள் தொடங்கிய கடற்காற்று இன்னும் ஓயவில்லை. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த கைருன்னிஸாவுக்கு, யாரோ பெரிய பாயொன்றை உதறிப் போட்டது போலச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தாள். கிணற்றை ஒட்டி நின்ற, தென்னோலை முடைந்த கிடுகு வேலி பாதிக்கு மேல் அவளுடைய வளவுக்குள் சாய்ந்து கிடந்தது. அதுவரை வேலி மறைத்திருந்த அடுத்த வீட்டுப் பின்விறாந்தை முழுவதும் வெளியே தெரிந்தது. அங்கே பனியனோடு ஓர் இளைஞன் சவரம் செய்துகொண்டிருந்தான். சத்தம் கேட்டு அவனும் திரும்பிப் பார்த்தான். கைருன்னிஸா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அது இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பிறகு வந்த இரண்டாவது தென்மேற்கு மழைக்காலம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் கைருன்னிஸாவின் குடும்பம் இருந்தது. புருஷன் மர்ஸூக் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளர். காலையில் ரயிலேறிப் போனால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் திரும்புவார். மகள் மர்லியாவுக்குக் கல்யாண வயது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். சமைக்கவும் குடிக்கவும் மட்டும் காணும். குளிப்பும் உடுப்புத் துவைப்பும் கிணற்றடியில்தான்.

அடுத்த வீட்டுக்காரி அருள்நாயகி யாழ்ப்பாணத்துப் பக்கம். புருஷன் தபால் கந்தோரில் வேலை பார்த்து, இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்து, சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பின்னறைகளைக் கோட்டையில் வேலை பார்க்கும் பொடியன்களுக்கு வாடகைக்கு விட்டுச் சோறும் சமைத்துக் கொடுத்து அவள் சீவித்து வந்தாள். புருஷன் உயிரோடிருந்த காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை அவரும் மர்ஸூக்கும் சேர்ந்து கிடுகை மாற்றுவார்கள். வேலிக்கட்டைகளை மட்டும் யாரும் தொட்டதில்லை. அவற்றை நட்டது யார் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியாது. இப்போது அந்தக் கட்டைகளே அடியில் உக்கி முறிந்துவிட்டன. முறிந்த அடிக்கட்டைகள் மட்டும் சொத்தைப் பற்கள் போல வரிசையாக மண்ணில் நின்றன.

அன்று பின்னேரமே கைருன்னிஸா முன் கேற்றால் சுற்றிப் போய் அருள்நாயகியைக் கண்டாள். அருள்நாயகி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேலி விழுந்து பெய்த்து. பாத்தீங்களா?"

"ஓம், கண்டனான்."

"இனி எப்பிடி செய்ற? கெணத்தடிக்குப் போக ஏலாம ஈக்கி. ஒங்கட போர்டிங் புள்ளயள் அங்க நிக்கிறாங்க. கொமர் ஒண்டு ஈக்கிற வீடு."

"விழுந்து கிடக்கிறது உம்மட பக்கம்தானே. தூக்கிக் கட்டுமன்."

"கட்டை எல்லாம் உக்கிப் பெய்த்து அக்கா. புதுசா நடோணும். பாதி நீங்க, பாதி நாங்க எண்டு செய்வமே."

அருள்நாயகி சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "இப்ப என்னட்ட வசதி இல்லைப் பிள்ளை. பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' ஒரு மாதம் இழுபட்டது. கைருன்னிஸா பழைய படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக் கிணற்றடியை மறைத்தாள். கடற்காற்று அவற்றை ஒரு நாள் கூட ஒழுங்காகத் தொங்க விடவில்லை. குளிக்கும்போது ஈரத் துணி வந்து முகத்தில் ஒட்டும். மறு நிமிடம் மேலே பறந்து எல்லாவற்றையும் திறந்து காட்டும். கடைசியில் அவள் தலையை மூடிக்கொண்டு போய்த் தண்ணீர் அள்ளி, வாளி வாளியாகக் குசினிக்குச் சுமந்துவந்தாள். மர்லியா குசினி மூலையில் நின்று குளிப்பாள். குளித்த தண்ணீர் அடுப்படி வரை ஓடும். பிறகு அதை வழித்து வெளியே ஊற்ற வேண்டும். ஊற்றி முடிக்கும்போது சோறு வைக்கும் நேரமாகிவிடும். இடுப்பில் வந்து குந்திய வலி அதன்பிறகு இறங்கவே இல்லை.

"நீங்க ஒருக்காப் பெய்த்துக் கதைச்சுப் பாருங்கொ. ஆம்புள சொன்னா கேப்பா," என்று மர்ஸூக்கை அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். நல்ல தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன சொல்றா?"

"பாதி வேணாம், முழுசையும் நாங்களே போடுறோம் எண்டு சொன்னேன்."

"சரி, அதுக்கு?"

"அதுக்கும் ஏலாவாம். கட்டையைப் புடுங்கக் கூடாதாம். அவட காணிக்குள்ள ஒரு மனிசன் கால் வைக்கக் கூடாதாம்."

"கட்டையைப் புடுங்காம எப்பிடி வேலி போடுற?"

"அதத்தான் நானும் கேட்டேன். தேத்தண்ணிக்கு இன்னும் சீனி போடவா எண்டு கேட்டா," என்றார் மர்ஸூக். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். நாள் முழுக்கப் புடவைக் கட்டுகளை விரித்து மடித்து, வாங்காமல் போகிறவர்களுக்கும் சிரித்துக் காட்டிவிட்டு வரும் மனிதர். வீட்டில் ஒரு சண்டையைக் கையிலெடுக்க அவரிடம் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. கைருன்னிஸாவுக்கும் அது தெரியும். ஆனாலும் கோபம் வந்தது.

அவள் காத்திருக்கவில்லை. கிருலப்பனைப் பக்கமிருந்து வந்து கூரை வேய்வதும் வேலி அடைப்பதுமாக இருந்த காளியப்பனுக்கு ஆளனுப்பினாள். கிடுகுக் கட்டுகளும் புதுக் கட்டைகளும் வண்டியில் வந்து இறங்கின. காளியப்பன் அலவாங்கை எடுத்து முதல் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் குத்தினான். அடுத்த நிமிடம் அருள்நாயகி வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அலவாங்குக்கு முன்னால் நின்றாள், அவ்வளவுதான்.

"அதில தொடாதை."

"அம்மா, இது உக்கிப் போனதுங்க. எடுத்துட்டு இதே குழியில புதுசு வச்சுடுறேன்."

"தொடாதை எண்டு சொன்னனான்."

காளியப்பன் கைருன்னிஸாவைப் பார்த்தான். அவள் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து, "நீங்க செய்யுங்கொ காளியப்பன்," என்றாள். அவன் மறுபடியும் அருள்நாயகியைப் பார்த்தான். அவள் கால் விரல்கள் அடிக்கட்டையை ஒட்டி இருந்தன.

"எனக்கு எதுக்குங்க வம்பு? நான் கூலிக்காரன். நாளைக்குப் பொலிசுல என்னையத்தான் புடிச்சு வைப்பாங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்." அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கிடுகுக் கட்டுகள் சுவரோரம் கிடந்தன. ஐப்பசி மழையில் நனைந்து கறுத்து, நடுவில் காளான் பூத்தது.

மர்ஸூக் கடை முதலாளிக்குத் தெரிந்த, வழக்குப் பேசும் ஒரு புரொக்டரிடம் போய்க் கேட்டார். புரொக்டர் நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். நில அளவையாளரைக் கொண்டுவந்து அளக்க வேண்டும், அந்த அம்மா அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கோட்டில் வழக்குப் போட வேண்டும். "வழக்கு முடியிற நேரம் உங்கட மகளுக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகும்," என்று சொல்லிச் சிரித்தாராம். மர்ஸூக் அதை வீட்டில் வந்து சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மர்லியாவுக்கு மருதானையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் மாமி லுத்பியாவும் வேறு இரண்டு பெண்களும் பார்க்க வந்தார்கள். வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். மர்லியாவின் கையைப் பிடித்து இருத்தி வைத்துக் கதைத்தார்கள். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் லுத்பியா கைகால் கழுவி வுழுச் செய்வதற்கு எழும்பினாள். வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கைருன்னிஸா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "என்னத்துக்கு, நான் கெணத்தடிக்கே போறேன்," என்று பின்கதவால் இறங்கிவிட்டாள். படுக்கை விரிப்பைக் காற்று தூக்கிக் கொடிக்கு மேலே போட்டிருந்தது. எதிரே விறாந்தைப் படியில் போர்டிங் பொடியன்கள் கடுதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். லுத்பியா வுழுச் செய்யாமலே திரும்பி வந்தாள்.

போகும்போது, "வீடு நல்லம். புள்ளயும் நல்லம். பின்பக்கம்தான் தொறந்து போட்டு ஈக்கி," என்றாள்.

அதன்பிறகு மருதானையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெரிய சீதனத்தோடு பேசுகிறார்கள் என்று மர்ஸூக் கேள்விப்பட்டுவந்து சொன்னார். கைருன்னிஸா அதை ஏற்கவில்லை. வேலிதான் காரணம் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. மர்லியா தையல் மெஷினில் தலை குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை, அருள்நாயகி விறாந்தையில் வந்து நின்றபோது கைருன்னிஸா அடிக்கட்டைகளுக்கு அருகே போய் நின்றாள். தலையில் முந்தானை இருந்ததா என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஒங்களால என்ட புள்ளட சம்பந்தம் கொழம்பிப் பெய்த்து. இப்ப மனசுக்குச் சந்தோசமா?"

"நான் என்ன செய்தனான்?"

"ஒரு வேலி போட விட மாட்டீங்க! ஒரு கொமர வச்சிக்கிட்டு நாங்க எப்பிடிப் பொழங்குற எண்டு ஒரு நாள் யோசிச்சீங்களா? நீங்க எப்பிடி யோசிப்பீங்க? ஒண்டப் பெத்து வளத்திருந்தால்ல தெரியும்!"

சொல் வாயிலிருந்து போய்விட்டது. அருள்நாயகியின் முகம் மாறவில்லை. கையிலிருந்த ஈரத்துணியை மெதுவாகப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைருன்னிஸா வீட்டுக்குள் வந்து, "நான் அப்பிடிச் சொல்லி இருக்கக் கூடா," என்று மர்லியாவிடம் சொன்னாள். மர்லியா, "சொல்லிட்டீங்களே உம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை.

சித்திரை பிறப்பதற்குச் சற்று முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். துறைமுகப் பக்கமிருந்து எழும்பிய புகையை ரயில் பாதையில் நின்றே பார்க்கக்கூடியதாக இருந்தது. மறுநாளிலிருந்து ஒழுங்கை காலியாகத் தொடங்கியது. பெட்டிகளும் பாய்களும் கோழிக்கூடுகளும் வண்டிகளில் ஏறின. போர்டிங் பொடியன்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். கைருன்னிஸாவின் தங்கை றலியா மாவனல்லையில் இருந்தாள். அங்கே போவதென்று முடிவாயிற்று. கடையும் பூட்டிக் கிடந்ததால் மர்ஸூக்கும் கூடப் புறப்பட்டார்.

வண்டியில் ஏறுவதற்கு முன் மர்ஸூக் மட்டும் அடுத்த வீட்டுக் கேற்றடிக்குப் போனார். கைருன்னிஸா வண்டிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க ஊருக்குப் போகல்லயா?"

"ஊரில எனக்கு ஆர் இருக்கினம்?"

"தனிய எப்பிடி இருக்கிற? நிலைமை சரியில்லயே."

"குண்டு விழுறதெண்டா எங்கயும் விழும். நீங்கள் பிள்ளையோட பத்திரமாப் போட்டு வாங்கோ."

வண்டி திரும்பும்போது அருள்நாயகி கேற்றைப் பிடித்தபடி நின்றாள். கைருன்னிஸா ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தாள். அதற்குள் வண்டி ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதியில் ஏறிவிட்டது.

மாவனல்லையில் தங்கையின் வீட்டில் இடம் போதாமல் நெருக்கமாக இருந்தார்கள். ஒரு மாதத்தில் கடை திறந்தது. மர்ஸூக் மட்டும் புறக்கோட்டைக்குத் திரும்பி, கடை மேல்மாடியிலேயே படுத்துக்கொண்டார். வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. வேலி இல்லாமல் திறந்து கிடக்கும் வீட்டைக் களவெடுத்திருப்பார்கள் என்று கைருன்னிஸா தினமும் நினைத்தாள். மர்லியாவுக்கென்று சேர்த்து வைத்த செப்புப் பாத்திரங்கள் எல்லாம் குசினிப் பரணில் இருந்தன. ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது.

மழை குறைந்த பிறகு திரும்பி வந்தார்கள். முன்கதவுப் பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே தூசியும் எலிப்புழுக்கையும் தவிர வேறு மாற்றமில்லை. கைருன்னிஸா பின்கதவைத் திறந்தாள்.

வேலி விழுந்த வெளி அடைபட்டிருந்தது. ஒரு இரும்புக் கட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கதவு, பிறகு ஒரு மேசையின் மேற்பலகை, பெட்டிப் பலகைகள். இடைவெளிகளில் எலுமிச்சை முட்கிளைகளைச் செருகி, பழைய கம்பியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டியவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் இறுக்கமாகக் கட்டியிருந்தது. அடிக்கட்டை ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை.

கைருன்னிஸா கைலேஞ்சியில் கொஞ்சம் ஏலக்காயும் மாவனல்லையிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியும் முடிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அருள்நாயகி நன்றாக மெலிந்திருந்தாள். முன்கைகளில் முள் கிழித்த கோடுகள் ஆறிக் கறுத்திருந்தன.

"களவெடுக்க ஆக்கள் வந்து பாத்தவங்கள். ரெண்டு தரம் வந்தவங்கள்," என்றாள் அருள்நாயகி. "நான் உள்ளுக்கிருந்து ரேடியோவைச் சத்தமாப் போட்டனான். கன ஆக்கள் இருக்கினமெண்டு நினைச்சுத் திரும்பிப் போட்டாங்கள்."

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்ன சொல்லு..."

"அதை விடும்."

"மனசுல வச்சிக்கொள்ளாதீங்க."

"மனசில இருக்குத்தான். அதுக்கு இப்ப என்ன செய்யிறது? இரும், தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் அவள் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். ஊரில் அவளுடைய சீதனக் காணிக்கும் அண்ணன் காணிக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. வருடா வருடம் அண்ணன்தான் அடைப்பார். அடைக்கும் செலவை ஒருபோதும் கேட்டதில்லை. தங்கச்சிக்கு எவ்வளவு உதவியான அண்ணன் என்று ஊரே சொல்லியது. ஒரு வருடம் இவள் கொழும்பிலிருந்து போய்ப் பார்த்தால், தன் காணியில் இருந்த கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. கோட்டு வழக்கு, அப்பீல், நொத்தாரிசு என்று அலைந்து புருஷனின் உழைப்பெல்லாம் போனது. கடைசியில் வழக்கும் தோற்றது. அந்த ஏக்கத்தோடுதான் அவர் செத்தார் என்று அவள் நம்பினாள்.

"பிடுங்கின கட்டை திரும்ப அதே குழிக்குள்ள போனதை நான் ஒருக்காலும் காணேல்லைப் பிள்ளை."

"நாங்க அப்பிடிச் செய்வமா அக்கா?"

"அண்ணரும் இப்பிடித்தான் கேட்டவர்."

கைருன்னிஸா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த வேலி..."

"உங்கட வீட்டைப் பாத்தது வேற. எல்லை வேற," என்றாள் அருள்நாயகி. அவள் குரலில் பகை ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்று கைருன்னிஸாவுக்கு விளங்கியது.

அந்தக் கிழமையே புதிதாக இரண்டு பேர் போர்டிங்குக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கட்டில் வேண்டியிருந்தது, அறைக்குக் கதவும் வேண்டியிருந்தது. அருள்நாயகி குறடெடுத்து வந்து கம்பியை வெட்டி, கட்டிலையும் கதவையும் மேசைப் பலகையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனாள். "குறை விளங்காதையும் பிள்ளை, எனக்கும் பிழைப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முட்கிளைகள் மட்டும் சாய்ந்து கிடந்தன. மறுபடியும் விறாந்தை தெரிந்தது. கைருன்னிஸா மறுபடியும் வாளியைத் தூக்கினாள்.

இரண்டு வாளி சுமந்தாள். மூன்றாவது வாளியைக் குசினிப் படியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மர்லியா ஓடிவந்து, "உம்மா, என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். உண்மையாகவே ஒன்றுமில்லை. எழும்ப வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை, அவ்வளவுதான்.

மர்ஸூக் வந்ததும் சொன்னாள்: "காளியப்பனக் கூப்புடுங்கொ. அந்தக் கட்டையள் அப்பிடியே இருக்கட்டும். நாங்க எங்கட பக்கம் உள்ளுக்குத் தள்ளிப் புது வேலி போடுவோம்."

மர்ஸூக் நிமிர்ந்தார். "உள்ளுக்கா? அப்ப நடுவுல உள்ள நெலம்?"

"கெடக்கட்டும்."

"என்ன கைரு கதைக்கிற? வாப்பா வாங்கின காணி. இன்னம் கொஞ்ச வருசம் போனா, உங்கட வேலிதானே எல்லை, வெளிய உள்ளது என்ட காணி எண்டு அந்த அம்மா சொல்லுவா. எவ பயப்படுறாளோ அவளே அதச் செய்வா. அப்ப என்ன செய்ற?"

"சொன்னா சொல்லட்டும்."

"கெணத்துக்கிட்டப் பெய்த்து முட்டுமே வேலி. ஆள் நிக்கக் கூட எடம் வராது."

"ஒரு பக்கம் நிக்கேலாட்டி மத்தப் பக்கம் நிண்டு அள்ளுறேன்." அவள் குரல் உயரவில்லை. "இஞ்சப் பாருங்கொ, எனக்கு நெலம் வேணாம். நாயம் வேணாம். அந்த மனிசி பொல்லாதவளும் இல்ல. எனக்கு ஒரு மறைப்பு வேணும். எனக்கு ஏலாமப் பெய்த்து."

மர்ஸூக் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய கையை எடுத்துப் பார்த்தார். கயிறும் வாளிப்பிடியும் ஏறி உள்ளங்கை காய்த்துத் தடித்திருந்தது. "சரி," என்றார்.

யுத்தத்தில் தகரமும் ஆணியும் கிடைக்கவில்லை, கிடுகுதான். பழைய கட்டுகள் உக்கிப் போயிருந்தபடியால் புதிதாகவே வாங்க வேண்டியிருந்தது. காளியப்பன் வந்ததும் முதலில் அடுத்த வளவைத்தான் எட்டிப் பார்த்தான். அருள்நாயகி ஒரு கதிரையைக் கொண்டுவந்து பழைய அடிக்கட்டைகளுக்கு அந்தப் பக்கம் போட்டு, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் குழி தோண்டினான். இரண்டாவது தோண்டினான். மூன்றாவதற்கு அலவாங்கை ஓங்கியபோது குரல் வந்தது.

"உந்தக் கட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நடு. வேலி சரிஞ்சா என்ர கட்டையில விழும்."

காளியப்பன் அலவாங்கை நிலத்தில் ஊன்றிவிட்டுத் திரும்பினான். "அம்மா, இதுக்கு மேல தள்ளினா கெணத்துக் கட்டுல ஏறிடும்."

குசினிக் கதவுக்குள்ளிருந்து மர்லியா, "இது என்ன அநியாயம் உம்மா!" என்றாள். கைருன்னிஸா வெளியே வந்தாள். அருள்நாயகியைப் பார்த்தாள். கதிரை விளிம்பில் முன்னுக்குச் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, அலவாங்கின் நுனியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் கிழித்த கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. இந்த மனுஷி இரவிலும் இப்படித்தான் முழித்துக் கிடப்பாள் என்று கைருன்னிஸாவுக்குத் தோன்றியது. சண்டை பிடிக்க வந்தவள் அதை மறந்துவிட்டாள்.

"ஒரு சாண் தள்ளுங்கொ காளியப்பன்," என்றாள்.

"அம்மா..."

"தள்ளுங்கொ. முடிச்சாப் போதும்."

பின்னேரம் வேலி முடிந்தது. கடைசிக் கிடுகைக் கட்டியதும் அருள்நாயகி கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. அவள் நன்றி சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மர்ஸூக் கடையிலிருந்து வந்து, வேலிக்கும் பழைய அடிக்கட்டைகளுக்கும் நடுவே வீணாகிக் கிடந்த நிலத்தை ஓரத்தால் எட்டிப் பார்த்தார்.

"நெலம் பெய்த்து," என்றார்.

"பெய்த்துத்தான்," என்றாள் கைருன்னிஸா.

மறுநாள் மர்ஸூக் வேலைக்குப் போனதும் மர்லியா முதலில் குளித்தாள். பிறகு கைருன்னிஸா போனாள். கிணற்றின் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. கயிற்றை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கை கிடுகில் உரசியது. பச்சைக் கிடுகின் மணம் வந்தது. வேலிக்கு அப்பால் ஆண்களின் பேச்சுக் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. யாரும் தெரியவில்லை. அவசரமில்லாமல், வெயிலில் நின்று, தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

உள்ளே வந்து உடுப்பு மாற்றி, தலையைத் துவட்டக்கூட மறந்து, கூடத்தில் பாயை விரித்துச் சாய்ந்தாள். அடுப்பில் உலை ஏற்றவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுப்பலாம் என்று மர்லியா பக்கத்தில் வந்து பார்த்தாள். தாய் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து எழுப்புவோம் என்று சத்தமில்லாமல் குசினிக்குப் போய், அரிசியைக் களைந்து அவளே உலை வைத்தாள்.